ஒரு வார நடைக்கு நெடும்பாதையில் எந்தத் துண்டை எடுப்பது?

கூடாரம், ஷூ, ஸ்லீப்பிங் பேக் பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. ஆள் நடமாட்டம் குறைந்த பாதையில் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதை மட்டும் பார்ப்போம். நான் தப்பு செய்து கற்றது அதைத்தான்.

1. நாட்களைக் கழியுங்கள்

ஏழு நாள் விடுப்பு என்றால் போக, வர ஒரு நாள் கழியும். மழைக்கோ கால் வலிக்கோ இன்னொரு நாளை ஒதுக்குங்கள். நடக்க மிஞ்சுவது ஐந்து நாள்.

2. கிலோமீட்டரை நம்பாதீர்கள்

இங்கேதான் நான் விழுந்தேன். 100 கிலோமீட்டரை ஐந்தால் வகுத்து நாளுக்கு 20 என்று எழுதிக்கொண்டு கிளம்பினேன். இரண்டாம் நாள் 12 கிலோமீட்டரிலேயே இருட்டிவிட்டது. அன்றைய பாதை முழுக்க ஏற்றம்.

1892-இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். சமதளத்தில் 20 கிலோமீட்டர் என்றால் நான்கு மணி நேரம். 1,200 மீட்டர் ஏறவேண்டிய 12 கிலோமீட்டருக்கோ ஏறக்குறைய நான்கரை மணி நேரம்! முதுகுச் சுமை, ஓய்வு, சேறு எதுவும் இதில் சேரவில்லை. அதனால் வந்த விடையை ஒன்றரையால் பெருக்கிக்கொள்கிறேன்.

ஏற்றத்தை எப்படி அளப்பது? ஒரே ஜிபிஎக்ஸ் கோப்புக்கு (பாதையின் ஜிபிஎஸ் பதிவு) இரண்டு செயலிகள் இரண்டு விதமான மொத்த ஏற்றம் காட்டும். எனக்குக் காகித வரைபடமும் பென்சிலும்தான் பிடிக்கும். பாதை வெட்டிப்போகும் உயரக்கோடுகளை (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) எண்ணுங்கள். ஏறும்போது வெட்டுபவற்றை மட்டும். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் உயர வித்தியாசம் 20 மீட்டரா 40 அடியா என்று வரைபட ஓரத்தில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். எண்ணிக்கையை அதால் பெருக்கினால் ஏற்றம் கிடைக்கும். ஒரு நாள் பாதைக்குப் பத்து நிமிடம் ஆகும். எண்ணி முடிப்பதற்குள் அந்த மலையும் மனதில் பதிந்துவிடும்.

3. வெளியேறும் வழிகளைக் குறியுங்கள்

காலில் சுளுக்கு விழுந்தால் எந்தப் பக்கம் இறங்குவது? பக்கப் பாதை, காட்டுச் சாலை, தங்குகுடில் எல்லாவற்றையும் வட்டமிடுங்கள். இரண்டு வட்டங்களுக்கு நடுவே இரண்டு நாள் நடைக்கு மேல் இருந்தால், முதல் பயணத்துக்கு அந்தத் துண்டு வேண்டாம். சுவீடனின் குங்ஸ்லேடன் பாதையில் அபிஸ்கோ முதல் நிக்கலுவோக்தா வரையிலான துண்டு ஏறக்குறைய 105 கிலோமீட்டர், வழியில் தங்குகுடில்கள் உண்டு. தொடங்குபவருக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

4. தண்ணீர், ஆறு, சாப்பாடு

கோடையின் கடைசியில் சின்ன ஓடைகள் வற்றும். பனி உருகும் காலத்திலோ காலையில் முழங்கால் அளவு ஓடிய ஆறு பிற்பகலில் ஏறிவிடும். பாலம் இல்லாத ஆற்றைக் காலையில் கடக்கும்படி முகாமை வையுங்கள். உலர் உணவு நாளுக்கு 700–900 கிராம். ஐந்து நாளுக்கும், ஒதுக்கிய அந்த ஒரு நாளுக்கும் சேர்த்துக் கட்டுங்கள்.

அனுமதிச் சீட்டு தேவையா என்பதை அந்த வனப்பகுதியை நிர்வகிப்பவர்களின் தளத்திலேயே பாருங்கள்.

பிற்சேர்க்கை

"எந்தத் திசையில் நடப்பது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். முதலில் எழுதாமல் விட்டது என் தவறு. அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையில், மெய்ன் மாநிலத்தில், 'ஹண்ட்ரட் மைல் வில்டர்னஸ்' என்ற துண்டு இருக்கிறது. சுமார் 160 கிலோமீட்டர். பத்து நாள் உணவு இல்லாமல் நுழையாதீர்கள் என்று அறிவிப்புப் பலகையே உண்டு, ஆகவே ஒரு வாரத்துக்கு அது ஒத்துவராது. ஆனால் திசைக்கு நல்ல உதாரணம். தெற்கே மான்சனில் தொடங்கினால் மேடுபள்ளம் மிகுந்த பகுதி முதலில் வரும், அதுவும் பை நிறைய உணவு இருக்கும்போது. வடக்கிலிருந்து வந்தால் அந்த ஏற்றங்களைப் பாதி காலியான பையோடு ஏறலாம்.

அப்புறம், காரில் போகிறவர்கள் காரை முடியும் இடத்தில் விட்டுவிட்டு, தொடங்கும் இடத்துக்கு வேறு வண்டி பிடித்துப் போங்கள். கடைசி நாள் தாமதமானாலும் வண்டிக்காரர் காத்திருப்பாரே என்று இருட்டில் ஓடவேண்டியிருக்காது.