லாரிக்கு ஏற்ற வழியை மேப்பில் வரவைப்பது எப்படி?

போனில் இருக்கும் வழக்கமான மேப் ஆப்புக்கு வண்டி என்றால் கார், இல்லையென்றால் பைக். கப்பலூரில் லோடு ஏற்றி மதுரைக்குள் வரும் பத்துச்சக்கர வண்டியையும் அது தாழ்வான ரயில்வே பாலத்துக்குத்தான் அனுப்பும். லாரிக்கென்றே வழி போடும் இலவச மென்பொருள் வல்ஹல்லா. எங்கள் லாரி செட்டில் இப்போது இதைத்தான் பயன்படுத்துகிறோம். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து இது இயங்குகிறது.

படி 1. ஃபாஸ்கிஸ் அமைப்பு நடத்தும் வல்ஹல்லா டெமோ தளத்தில் லாரியைத் தேர்வு செய்யுங்கள். தொடக்கத்திலேயே சொந்த சர்வர் வேண்டாம். ஓஎஸ்ஆர்எம் என்ற இன்னொரு இலவச வழி மென்பொருள் வேகமானதுதான். ஆனால் அதில் வண்டி அளவை மாற்றினால் வரைபடத்தையே மறுபடி தயார் செய்ய வேண்டும். பலவித வண்டி வைத்திருப்பவர்களுக்கு அது சரிப்படாது.

படி 2. அளவுகளை மாற்றுங்கள். அப்படியே விட்டால் உயரம் 4.11 மீட்டர், நீளம் 21.64 மீட்டர், ஆக்ஸில் எடை 9.07 டன் என்று எடுத்துக்கொள்ளும். இந்தியாவில் நான்கு டயர் ஆக்ஸிலுக்கான வரம்பையே 2018-இல் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்திவிட்டார்கள். ஆர்.சி. புக்கில் எடை கிலோவில் இருக்கும், வல்ஹல்லா டன்னில் கேட்கும். உயரத்தை மட்டும் ஆர்.சி. புக்கைப் பார்த்துப் போடாதீர்கள். தார்ப்பாய் போட்டுக் கயிறு இறுக்கிய பிறகு, தரையிலிருந்து லோடின் உச்சி வரை டேப் பிடித்து அளங்கள். தூத்துக்குடியிலிருந்து வரும் ஹைக்யூப் என்ற உயரமான வகைக் கண்டெய்னர் மட்டுமே 2.9 மீட்டர். ட்ரெய்லரின் உயரமும் சேர்ந்தால் 4.11-ஐத் தாண்டிவிடும்.

படி 3. இத்தனையும் கொடுத்த பிறகும் அதே பாலத்தைக் காட்டுகிறதா? அந்தப் பாலத்தின் உயரம் வரைபடத்தில் ஏறவில்லை என்று பொருள். உயரம் எழுதாத பாலத்தைத் தடையில்லாத பாதையாகவே மென்பொருள் எடுத்துக்கொள்ளும். டிரைவருக்குத் தெரிந்த உயரம் வரைபடத்தில் ஏறாதவரை, காசு கொடுத்து வாங்கும் மென்பொருளும் இதையேதான் செய்யும். அதனால் நாமே ஏற்றுவோம்.

பாலத்தின் உயரப் பலகையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்கு தொடங்கி பிரவுசரிலேயே வரைபடத்தைத் திருத்த உதவும் ஐடி எடிட்டரைத் திறங்கள். ஜேஓஎஸ்எம் என்ற பெரிய எடிட்டரைப் பிறகு பழகிக்கொள்ளலாம். இனி நிதானமாகச் செய்யுங்கள். பாலத்தைக் கிளிக் செய்தால் பெரும்பாலும் மேலே போகும் தண்டவாளம்தான் தேர்வாகும். உயரத்தை அதில் எழுதினால் பயனில்லை, கீழே போகும் சாலைக்கோட்டில் எழுத வேண்டும். அந்தக் கோடும் தெருமுனை முதல் தெருமுனை வரை ஒரே கோடாக இருக்கும். முழுக் கோட்டுக்கும் 3.6 என்று போட்டுவிட்டால் அந்தத் தெருவிலுள்ள குடோனுக்கே லாரி போக வழி கிடைக்காது. எனவே பாலத்துக்கு இருபுறமும் ஒவ்வொரு புள்ளி வைத்து, கத்தரிக்கோல் படத்தை அழுத்திக் கோட்டை வெட்டுங்கள். நடுவில் நிற்கும் சிறு துண்டுக்கு மட்டும் மேக்ஸ்ஹைட், அதாவது அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச உயரம், கொடுங்கள். மீட்டர் என்றால் வெறும் எண் போதும். பலகை இல்லாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள். வேறு நிறுவனத்தின் மேப்பிலிருந்து நகலெடுக்கவும் கூடாது.

டிரைவர்களின் ஆண்ட்ராய்டு போனில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் விடுபட்ட விவரங்களைக் கேட்டு நிரப்பும் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் ஆப்பைப் போட்டுக்கொடுங்கள். உயரம் இல்லாத இடத்தில் அதுவே கேட்கும். எனக்கு மிகவும் பிடித்த ஆப் இதுதான்.

படி 4. சித்திரைத் திருவிழாவுக்கு மாசி வீதிகள் அடைபடும்போதும், வைகையில் தண்ணீர் வந்து யானைக்கல் தரைப்பாலத்தை மூடும்போதும் வரைபடத்தில் கை வைக்காதீர்கள். அவை தற்காலிகத் தடைகள். தவிர்க்க வேண்டிய பகுதியைப் பலகோணமாக வல்ஹல்லாவுக்குக் கொடுத்தால் போதும். எண்களாகக் கொடுக்கும்போது தீர்க்கரேகை முதலில் வர வேண்டும்: மதுரைக்கு 78.12, அதன் பிறகு 9.92. மாற்றிப் போட்டால் பலகோணம் வடதுருவப் பக்கம் போய்விடும், இங்கே எந்தத் தெருவும் அடைபடாது.

பின்சேர்க்கை: "உயரத்தைச் சேமித்தும் பழைய வழியே வருகிறதே" என்று சிலர் கேட்டிருந்தார்கள். சேமித்த உடனே வராது, டெமோ தளம் புதிய வரைபடத்தை ஏற்றும்வரை பொறுங்கள். சொந்த சர்வர் என்றால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கோப்புகளைத் தரும் ஜியோஃபாப்ரிக் தளத்தில் இந்தியாவின் தெற்கு மண்டலக் கோப்பைப் புதிதாக இறக்கி, வல்ஹல்லா வழி தேடப் பயன்படுத்தும் டைல்களை (வரைபடத் துண்டுகளை) மறுபடி உருவாக்குங்கள். பிறகு பாலத்தின் இருபுறமும் புள்ளி வைத்து, வண்டி உயரம் 3 மீட்டர் என்று ஒருமுறையும் 4 மீட்டர் என்று ஒருமுறையும் வழி கேளுங்கள். 3.6 மீட்டர் பாலம் என்றால் இரண்டுக்கும் வெவ்வேறு வழி வர வேண்டும். ஒரே வழி வந்தால் கோட்டை வெட்டிய இடத்தைத் திரும்பப் பாருங்கள்.