ஐப்பசி இருட்டுக்கு அம்பத்திரண்டு திரி

ஐப்பசியில் அடைமழை பிடிச்சா சென்னிமலைப் பக்கம் தறிக்காரங்களுக்குப் பாதி வேலை நின்னுபோகும். தெருவில் பாவு நீட்ட முடியாது, கஞ்சி போட்ட நூல் காயாது, தறிக்குழியில் ஈரம் ஊறும். கை சும்மா இருக்க, அஞ்சரைக்கே வீட்டுக்குள்ள இருட்டிடும். மனசும் கூடவே இருட்டும். எனக்கு வருசா வருசம் இதே கதைதான்.

என் அண்ணன் மக இங்கிலாந்தில், லீட்ஸில் இருக்கா. அங்கே டிசம்பரில் பகலே எட்டு மணி நேரம் இல்லை, நாலு மணிக்கு முன்னாடியே பொழுது உழுந்துரும். அவ பேகன் வழிபாட்டுக்காரங்களோட புழங்கறா. கிறிஸ்தவத்துக்கு முந்தின ஐரோப்பிய வழிபாடுகளை இப்போ திரும்ப எடுத்து நடத்தறவங்க. வருசத்துக்கு எட்டுப் பண்டிகை. அதில் அக்டோபர் 31 செத்தவங்களை நினைக்கிற நாள். அதை 'சாவின்'னு சொல்றாங்க. நம்ம சாவுக்கும் அந்தப் பேருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனாலும் போனில் கேட்டப்போ தூக்கிவாரிப் போட்டுச்சு. டிசம்பர் 21 வாக்கில் யூல், வருசத்திலேயே நீண்ட ராத்திரி. "அதுவரைக்கும் எப்படித் தள்றதுங்கத்தை?"ன்னு கேட்டா.

தள்ள வேண்டாம் கண்ணு, தினமும் ஒரு விளக்குத் திரி திரின்னு சொன்னேன்.

வெள்ளைப் பருத்தி நூல் எடுத்துக்கங்க. தறியில் மிச்சமான நூலா இருந்தா வெந்நீரில் அலசிக் கஞ்சியை எடுத்துரணும். இல்லைன்னா படபடன்னு பொரியும். சாயநூல் ஆகாது. புது அகலை ராத்திரி முழுக்கத் தண்ணியில் போட்டு வைங்க, இல்லைன்னா உங்க எண்ணெயை அதுவே குடிச்சிரும். ஒரு கரண்டி நல்லெண்ணெய் போதும். இலுப்பெண்ணெய் உசத்திதான், விக்கிற விலைக்குத் தினமும் ஊத்த முடியாது.

பொழுது உழுகறதுக்கு முன்னாடியே வாசலைக் கூட்டிருங்க. விளக்கு வெச்ச பிறகு கூட்டக்கூடாதுன்னு எங்காத்தா சொல்லும். கைகால் கழுவிட்டு விளக்கை ஏத்தி, அது அணையற வரைக்கும் பக்கத்திலேயே உக்காருங்க. போன் அடுத்த ரூமில் கிடக்கட்டும். மந்திரம் தெரிஞ்சா சொல்லலாம், தெரியாட்டிப் பரவாயில்லை. கண்ணை மூடி மனசை அடக்கறதெல்லாம் எனக்கு வந்ததே இல்லை. மூடினா கூலிக்கணக்குத்தான் ஓடும். அதனால உக்காந்த இடத்திலேயே நாளைக்கான திரியைத் தொடையில் வெச்சுத் திரிப்பேன். நாளைக்கு ஒண்ணு தயாரா இருக்குன்னு கை அறிஞ்சுக்கும். எனக்கு அதுவே போதுமா இருக்கு.

செத்தவங்களுக்கு ஒரு நாள் ஒதுக்குங்க. நமக்குப் புரட்டாசி மகாளய அமாவாசை, அவளுக்கு அக்டோபர் 31. அங்கே அன்னிக்கு மேசையில் செத்தவங்களுக்கும் ஒரு தட்டு வெச்சுப் பேசாமச் சாப்பிடற வழக்கம் சிலர்கிட்ட இருக்கு. எங்கய்யன், அவளுக்கு அப்பாரு, அதாவது தாத்தா, பேசாமச் சாப்பிட்டதே கிடையாது. அதனால "நீ பேசு"ன்னேன். சோறும் கொள்ளுப்பருப்பும் வெச்சு, கேக்காம விட்டதை வாய்விட்டுக் கேட்டுட்டு, அந்தச் சோத்தை நீங்களே சாப்பிடுங்க. காக்காய்க்கும் ஒரு உருண்டை.

ராத்திரிக்குக் கொள்ளு ரசம் வைங்க. உடம்புக்குச் சூடுன்னு எங்க பக்கத்து நம்பிக்கை. கொள்ளு விதைக்கிறதும் இந்த மழையை நம்பித்தான். ஐரோப்பாவில் அறுவடை முடிஞ்சு வயல் வெறிச்சோடற மாசங்களில்தான் நம்ம மேட்டாங்காடு பச்சை கட்டும். அவளுக்கு அது ஆச்சரியம்.

கார்த்திகைத் தீபத்தன்னிக்கு மட்டும் கணக்குப் பாக்காதீங்க. கட்டுத்தரை, கிணத்தடி, தறிக்குழி மேடு, எல்லா இடத்திலும் விளக்கு வைங்க. கோயில் முன்னாடி சொக்கப்பனை எரிஞ்சா நின்னு பாருங்க. மார்கழி வந்தா கோலமும் சாணிப் பிள்ளையார் தலையில் பூசணிப்பூவுமா விடிகாலையே ஓடிரும்.

ஒண்ணு சொல்லணும். ரெண்டு வாரமாகியும் தூக்கமில்லை, சோறு இறங்கலைன்னா, இல்லை சாகணும்னு ஒரு தரம் தோணினாலே, விளக்கை நம்பி உக்காந்திருக்காதீங்க. டாக்டரைப் பாருங்க, இங்கே இந்தியாவில் அரசாங்க மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிட்டாத் தமிழிலேயே பேசலாம், காசில்லை.

அக்டோபர் 31-இல் இருந்து டிசம்பர் 21 வரைக்கும் எண்ணினா 52 நாள். 52 திரி திரிச்சு, பெட்சீட் ஓரத்து நூலால் கட்டிப் பார்சல் பண்ணிட்டேன். அவ வாடகை வீட்டில் புகை பட்டா அலாரம் அலறுமாம், ஜன்னலைத் திறந்து வெச்சு ஏத்தறேன்னு சொல்லியிருக்கா. காத்தில் அணையும்னு ஆறு திரி சேத்து வெச்சிருக்கேன்.