ஹாஸ்கெல் நிரல்மொழியில் பெரிய கோப்பை விரைவாக வாசிப்பது எப்படி?

சம்மாந்துறை அரிசி ஆலை ஒன்றுக்குப் பல போகங்களாக வந்த நெல் மூட்டைகளின் எடை ஒரு கோப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரிக்கு ஒரு மூட்டை, கிராமில், முழு எண்ணாக. மொத்த எடையும் சராசரியும் வேண்டும்.

புதிதாகப் பழகுபவர்கள் கோப்பை ஸ்ட்ரிங்காக (ஹாஸ்கெல்லின் வழக்கமான உரை வகை) வாசித்து, வரிகளாகப் பிரித்து, ‘ரீட்’ என்ற சார்பைக் கொண்டு எண்ணாக்குவார்கள். விடை சரியாக வரும். கோப்பு பெரிதானால் கணினி திணறும். அதற்காக ஹாஸ்கெல்லையே மெதுவான மொழி என்று ஒதுக்குவது அநியாயம். சுமை ஸ்ட்ரிங்கில்தான் இருக்கிறது. அது எழுத்துகளின் சங்கிலி; 64 பிட் கணினியில் ஒவ்வொரு கண்ணியும் 24 பைட். ‘68250’ என்ற வரி, வரிமுடிவுக் குறியுடன் சேர்த்துக் கோப்பில் 6 பைட். சங்கிலியில் 144 பைட்!

முதல் வேலை: ஸ்ட்ரிங்கை விட்டுவிட்டு, உரையைப் பைட்களின் வரிசையாக வைத்திருக்கும் பைட்ஸ்ட்ரிங்கின் சோம்பல் (லேசி) வகைக்கான ‘சார்8’ தொகுதியை இறக்குமதி செய்யுங்கள். அது கோப்பைச் சுமார் 32 கிலோபைட் துண்டுகளாக, தேவைப்படும்போது மட்டும் வாசிக்கும்.

அடுத்து, ‘ரீட்’டுக்குப் பதிலாக ‘ரீட்இன்ட்’. எண் கிடைத்தால் அந்த எண்ணையும் மீதி உள்ளீட்டையும் சோடியாகத் தரும், கிடைக்காவிட்டால் ‘நத்திங்’ (எதுவுமில்லை). மீதியின் முன்னால் உள்ள வெற்றிடங்களை நீக்கிவிட்டு மறுபடி அழையுங்கள். இங்கே கவனம் தேவை. யாராவது ‘68.2’ என்று பதிந்திருந்தால் 68 மட்டும் சேரும், அடுத்த அழைப்பு புள்ளியில் நின்றுவிடும், மொத்தம் சத்தமில்லாமல் குறைந்துபோகும். ஆகவே ‘நத்திங்’ வந்ததும் மீதி காலியா என்று பாருங்கள். காலியில்லையென்றால் பிழைச்செய்தி காட்டுங்கள்.

கூட்டுத்தொகையையும் எண்ணிக்கையையும் ஒரே சுற்றில் கணக்கிடுங்கள். பட்டியலாக்கி இரண்டு தடவை நடந்தால், இரண்டாவது நடைக்காக முழுப் பட்டியலும் நினைவகத்தில் காத்திருக்கும். சுற்றும் சார்பில் கூட்டுத்தொகை, எண்ணிக்கை ஆகிய இரு திரட்டிகளுக்கும் முன்னால், உடனே கணக்கிடச் சொல்லும் ஆச்சரியக்குறி (!) இடுங்கள். இல்லையேல், கூட்டப்படாத கூட்டல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியக்கூடும். தொகுப்பி (கம்பைலர்) பல சமயம் இதைத் தானே சரிசெய்துவிடும். ஆனாலும் நீங்களே எழுதிவிடுவது நல்லது.

வேகத்துக்கான ‘-ஓ2’ (-O2) கொடுத்துத் தொகுத்து, நினைவகக் கணக்கைக் காட்டும் ‘+ஆர்டிஎஸ் -எஸ்’ (+RTS -s) சேர்த்து ஓட்டுங்கள். நினைவகத்தில் பயன்பாட்டில் இருந்த தரவின் உச்ச அளவைச் சொல்லும் ‘மேக்சிமம் ரெசிடென்சி’ வரியைப் பாருங்கள். கோப்பைப் பத்து மடங்காக்கினாலும் அந்த எண் ஏறக்குறைய அப்படியே நிற்க வேண்டும்.

கோப்பில் விவசாயி பெயரோ வட்டையின் (வயல்வெளியின்) பெயரோ தமிழில் இருந்தால் ‘சார்8’ உதவாது. அது ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகக் கருதும். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். அந்தப் பகுதிக்கு ‘டெக்ஸ்ட்’ நூலகத்தைப் பயன்படுத்துங்கள்.