இரட்டை அடுக்கு 1911: ஆயிரம் டாலர் துப்பாக்கியா, நாலாயிரம் டாலர் துப்பாக்கியா?

அமெரிக்காவில் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்து, தோட்டாக்களை இரண்டு வரிசையாக அடுக்கும் ‘இரட்டை அடுக்கு’ 1911 பிஸ்டல் வேண்டும் என்று சொன்னால், எவ்வளவு செலவிட நினைக்கிறீர்கள் என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். அதற்கு முன்பே நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஓர் ஆண்டில் எத்தனை தோட்டா சுடப் போகிறோம்? இதற்கு உண்மையான விடை தெரிந்துவிட்டால், எந்த விலையில் வாங்குவது என்பதில் பாதி அப்போதே முடிவாகிவிடும்.

ஜான் பிரௌனிங் வடிவமைத்து அமெரிக்க ராணுவம் 1911-இல் ஏற்றுக்கொண்ட துப்பாக்கியின் மேகசினில், அதாவது தோட்டாப் பெட்டியில், .45 அங்குல வகைத் தோட்டாக்கள் ஏழு, ஒற்றை வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. 1990-களில் டெக்சாஸைச் சேர்ந்த எஸ்.டி.ஐ. நிறுவனம், உலோக ஃபிரேமையும் பாலிமர் கைப்பிடியையும் தனித்தனியாகச் செய்து இணைத்து, கைப்பிடியை அதிகம் தடிக்கவிடாமலேயே இரட்டை வரிசை மேகசின் நுழைய இடம் உண்டாக்கியது. 2011 என்று பெயர் பெற்ற வடிவம் அதுதான். அந்த நிறுவனமே 2020-இல் ஸ்டாக்காட்டோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. நெடுங்காலம் துப்பாக்கி சுடும் பந்தயக்காரர்களின் விலையுயர்ந்த பொருளாக இருந்த இந்த வகை, 2022-இல் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரியின் பிராடிஜி சுமார் 1,500 டாலருக்கு வந்ததும் சாதாரண வாங்குபவரின் கைக்கு எட்டியது. பின்னர் துருக்கியிலிருந்து டிசாஸ், கிர்சான் ஆகிய நிறுவனங்களின் துப்பாக்கிகள் ஆயிரம் டாலருக்குள் வந்தன. ஸ்டாக்காட்டோவின் பி மாடல் சுமார் 2,500 டாலர். அதே நிறுவனத்தின் எக்ஸ்.சி. நாலாயிரத்தைத் தாண்டும், அட்லஸ் போன்ற தனிப்பட்டறைகளின் விலை அதற்கும் மேலே.

கூடுதல் பணம் முக்கியமாக ஒரு மனிதரின் நேரத்துக்குப் போகிறது. சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேற்பகுதியான ஸ்லைடு, ஃபிரேமின் மேல் ஆட்டமில்லாமல் ஓட வேண்டும். ஒவ்வொரு சுடுதலுக்குப் பிறகும் குழல் அதே இடத்தில் வந்து பூட்ட வேண்டும். தோட்டாவின் விளிம்பைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்டிராக்டரின் அழுத்தம் சரியாக இருக்க வேண்டும். இவற்றை அரத்தோடு உட்கார்ந்து ஒருவர் சரிபார்த்தாரா, இல்லையா என்பதே விலை வேறுபாட்டின் பெரும்பகுதி. அடுத்தது உதிரிப்பாகங்கள். மலிவான துப்பாக்கியில் ஹேமர் (சுத்தியல்), அதைப் பிடித்து நிறுத்தும் சியர், சேஃப்டி போன்றவை பெரும்பாலும் உலோகப் பொடியைப் பிணைப்பானோடு கலந்து அச்சில் செலுத்திச் சூளையில் சுட்டுச் செய்தவை. விலை உயர்ந்ததில் முழு எஃகுக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்தவை. முதல் வகை உடனே உடைந்துவிடும் என்பதில்லை. ஆனால் பல ஆயிரம் தோட்டாக்களுக்குப் பிறகு டிரிகரின் கூர்மை மழுங்குவதை அதில்தான் முதலில் உணர்வோம்.

மேகசினைப் பற்றிச் சற்று நீட்டியே சொல்கிறேன், ஏனெனில் பெரும்பாலோர் கணக்கில் விட்டுவிடும் செலவு அதுதான். இரட்டை வரிசையில் ஏறி வரும் தோட்டாக்கள் வாயருகே ஒற்றை வரிசையாக ஒடுங்க வேண்டும். அந்த இடத்திலுள்ள இரண்டு தகட்டு உதடுகள் சற்றே விரிந்தாலும் தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு குழல் வாயில் முட்டி நிற்கும். என்னுடைய முதல் இரட்டை அடுக்குத் துப்பாக்கி மலிவு விலையில் வாங்கியது. ஐம்பது தோட்டாவுக்கு ஒருமுறையாவது அது சிக்கியது. குறை துப்பாக்கியில்தான் என்று நினைத்து ஸ்பிரிங்கை மாற்றினேன், எக்ஸ்டிராக்டரை வளைத்துப் பார்த்தேன். கடைசியில் மூன்று மேகசின்களுக்கும் அடியில் எண் எழுதி, ஒவ்வொரு சிக்கலும் எந்த எண்ணில் வருகிறது என்று குறித்தபோது, எல்லாம் இரண்டாம் எண்ணிலேயே வந்திருந்தன. அதை ஒதுக்கிவைத்த பிறகு அதே துப்பாக்கி ஒழுங்காகச் சுட்டது. நல்ல 2011 மேகசின் ஒன்றுக்கு எழுபது டாலருக்கு மேலும் ஆகலாம். பந்தயத்துக்கு நாலைந்து வேண்டும். க்ளாக் நிறுவனத் துப்பாக்கிகளின் மேகசினையே ஏற்கும் இரட்டை அடுக்கு 1911-களும் இப்போது வந்துவிட்டன. விலையின் பொருட்டு அவற்றையும் பார்க்கலாம்.

இனி கணக்கைப் போடுவோம். 9 மி.மீ. பயிற்சித் தோட்டா ஒன்று 25 சென்ட் என்று வைத்துக்கொண்டால், 900 டாலர் துப்பாக்கிக்கும் 2,500 டாலர் துப்பாக்கிக்கும் இடையிலுள்ள 1,600 டாலரில் 6,400 தோட்டா வாங்கலாம். மாதம் இருநூறு சுடுபவருக்கு அது இரண்டரை ஆண்டுக்கும் மேலான பயிற்சி. அத்தகையவர் மலிவானதை வாங்கி, மீதியை மேகசினிலும் தோட்டாவிலும் ஒரு நல்ல பயிற்சியாளரிடமும் செலவிடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்கத் துப்பாக்கி சுடும் சங்கமான யு.எஸ்.பி.எஸ்.ஏ.-வின் பந்தயங்களில், ஒளிப்புள்ளிக் குறிநோக்கி பொருத்திய துப்பாக்கிகளுக்காக 2023-இல் வந்த லிமிடெட் ஆப்டிக்ஸ் பிரிவில் தொடர்ந்து கலந்துகொண்டு ஆண்டுக்குப் பத்தாயிரம் சுடுபவர் 2,500 டாலர் வரிசையில் வாங்கட்டும். உதிரிப்பாகமும் பழுதுபார்ப்பும் எளிதில் கிடைப்பதே அங்கு பெரிய லாபம். தற்காப்புக்காக இடுப்பில் வைப்பவரும் விலையைவிடத் தடங்கலின்மையையே பார்க்க வேண்டும். நாலாயிரத்துக்கு மேல் கொடுப்பதன் பயனை உணரும் கை, இந்தக் கட்டுரையைப் படித்து முடிவெடுக்க வேண்டிய நிலையில் இருக்காது.

கடையில் துப்பாக்கியைக் கையில் வாங்கியதும், தோட்டா அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, குழல் முனையைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, ஸ்லைடை மெதுவாக இழுங்கள். மணல் அரைப்பது போன்ற உராய்வு கூடாது. காலி அறையின் மேல் ஸ்லைடைப் படாரென்று விடுவது 1911-க்குக் கேடு, கடைக்காரருக்கும் பிடிக்காது. கையால் பிடித்தே மூடுங்கள். மூடிய நிலையில் குழலின் பின்முனையைக் கட்டைவிரலால் அழுத்தும்போது அது கீழே இறங்கினால் பூட்டு தளர்ந்திருக்கிறது. கட்டைவிரல் சேஃப்டி தெளிவாக ஏறி இறங்க வேண்டும். பிடிச் சேஃப்டியை அழுத்தாதபோது டிரிகர் வேலை செய்யக் கூடாது.

பணம் கொடுப்பதற்கு முன் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி உள்ளிட்ட மாநிலங்களில் மேகசினில் பத்துத் தோட்டாதான்; அப்படியானால் இரட்டை அடுக்குக்காகக் கொடுக்கும் விலையில் ஒரு பகுதி அங்கு வீண். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு என்றாலும் வழக்கறிஞரைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

வாங்கியபின் ஸ்லைடு ஓடும் தண்டவாளங்களுக்குத் தாராளமாக எண்ணெய் இட்டு, எண் எழுதிய மேகசின்களோடு ஐந்நூறு தோட்டா சுடுங்கள். இறுக்கமாகப் பொருத்தப்பட்ட விலையுயர்ந்த துப்பாக்கியும் எண்ணெய் வற்றினால் தடுமாறும். முதல் இருநூறில் ஓரிரு சிக்கல் வந்தால் பொறுக்கலாம். அதன்பிறகும் வெவ்வேறு மேகசின்களில் வந்தால், வீட்டில் அரம் எடுத்து உட்காராமல், தோட்டா வகையையும் மேகசின் எண்ணையும் எழுதிய குறிப்பையும் சேர்த்து உத்தரவாதத்தில் தயாரிப்பாளருக்கே அனுப்பிவிடுங்கள்.