அடுத்த சீசனுக்குக் கால்பந்து கிளப்பின் கணக்குப் போடுவது எப்படி?

கீழக்கரையோ தொண்டியோ மண்டபமோ, எந்த ஊர் கிளப்பானாலும் செலவிலிருந்து தொடங்குங்கள். பெருஞ்செலவு சம்பளம்தான். உதாரணத்துக்கு 22 வீரர், ஆளுக்கு மாதம் 12,000 ரூபாய், 8 மாதம் என்றால் 21,12,000. வெற்றி ஊக்கத்தொகை, பயிற்சியாளர், பிசியோ எல்லாம் இதற்கு மேல். ஐரோப்பாவில் யூஈஎஃப்ஏ (ஐரோப்பியக் கால்பந்துச் சங்கங்களின் கூட்டமைப்பு) போட்டிகளில் ஆடும் கிளப்புகளுக்குச் சம்பளம், வீரர் வாங்கிய செலவு, ஏஜென்ட் கட்டணம் மூன்றும் சேர்ந்து வருமானத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நமக்கும் அந்தக் கோடு பொருந்தும்.

பழைய கிளப்புக்கு 3 லட்சம் கொடுத்து 3 ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்த வீரர், லாப நட்டக் கணக்கில் ஆண்டுக்கு 1 லட்சம் செலவுதான். கையிலிருந்து பணம் போவதோ முதல் நாளே. இரண்டையும் ஒரே தாளில் குழப்புவதால்தான் ஏட்டில் லாபமும் பெட்டியில் வறட்சியும் வருகிறது. தனித்தனித் தாள் வையுங்கள்.

வரவில் கையெழுத்தான ஸ்பான்சர் தொகையை மட்டும் எழுதுங்கள். வாய்வார்த்தைக்குப் பூஜ்யம், பரிசுத்தொகைக்கும் பூஜ்யம். டிக்கெட்டுக்குக் கடந்த சீசன் சராசரி போதும்.

பிறகு மாதவாரியாகப் பிரியுங்கள். நம் கரைக்கு இதுதான் உயிர்நாடி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஊரில் காசு புரளாது, கடைக்காரர் தரும் ஸ்பான்சர் தவணையும் தள்ளிப்போகும். அந்த 2 மாதச் சம்பளத்தை மார்ச்சுக்குள் தனிக் கணக்கில் ஒதுக்கிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆட்டம் ஒத்திப்போனால் டிக்கெட் வரவு நிற்கும். வீரர் வீட்டு உலை நிற்க முடியாது. அதற்கு இன்னொரு மாதச் சம்பளம் இருப்பு வேண்டும்.