கீமோ எடுப்பவர் வீட்டில் ஃப்ளூவைக் கையாளும் முறை
கீமோதெரபியால் வெள்ளை அணுக்கள் குறைந்திருப்பவருக்கு, மற்றவர்களை ஒரு வாரத்தில் விட்டுவிடும் ஃப்ளூ நிமோனியாவாக முற்றவும், அடுத்த சுற்று சிகிச்சையே தள்ளிப்போகவும் கூடும். ஆகவே ஐப்பசி மழைக்கு முன்பே, புற்றுநோய் மருத்துவரைக் கேட்டு, இயன்றால் கீமோ தொடங்க இரண்டு வாரம் முன்னதாகத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். மூக்கில் தெளிக்கும் வகை கூடாது. வீட்டிலுள்ளோரும் போட்டுக்கொள்வது நல்லது.

தருமபுரியிலிருந்து சேலத்துக்கோ பெங்களூருக்கோ சிகிச்சைக்குப் பேருந்தில் செல்பவர் முகக்கவசம் அணிந்து சன்னலோரம் அமரலாம்.

தெர்மாமீட்டர் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், கசாயம் வைத்துப் பார்ப்போம் என்றோ, பாராசிட்டமால் போட்டு விடியட்டும் என்றோ காத்திராமல் (மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை), சிகிச்சைக் குறிப்பேட்டுடன் அன்றிரவே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஃப்ளூ வைரஸை எதிர்க்கும் ஒசல்டாமிவிர் மாத்திரையை, அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பயன் அதிகம். தாமதமானாலும் இத்தகைய நோயாளிகளுக்கு மருத்துவர்கள் அதைக் கொடுக்கவே செய்வார்கள்.