லிங்கன் நினைவகத்தின் கட்டடக் கலையைப் பார்த்தறிவது எப்படி?

வாஷிங்டன் நகரின் லிங்கன் நினைவகத்திற்குச் செல்வோரில் பலர் நேராகச் சிலையின் முன் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதை வடிவமைத்த ஹென்றி பேக்கனின் நுட்பத்தை அறிய விரும்புபவர் படியேறுவதற்கு முன்பே பார்க்கத் தொடங்க வேண்டும்.

1914இல் பணி தொடங்கி 1922 மே 30 அன்று திறக்கப்பட்ட இக்கட்டடத்தை முதலில் கிழக்கே, நீர்த்தடாகத்தின் அருகில் நின்று முழுமையாகப் பாருங்கள். சுற்றிலும் நிற்கும் 36 டோரிக் தூண்கள் (பண்டைய கிரேக்கரின் எளிய தூண் பாணி), லிங்கன் இறந்த 1865இல் அமெரிக்க ஒன்றியத்தில் இருந்த 36 மாநிலங்களைக் குறிக்கின்றன. அடுத்து ஒரு மூலைக்குச் சென்று, தூண் வரிசையை அடியிலிருந்து மேல்நோக்கிக் கவனியுங்கள். தூண்கள் உட்புறமாக மிகச் சிறிதளவு சாய்ந்துள்ளன. நேர்க்குத்தாக நிறுத்தியிருந்தால் கட்டடத்தின் மேற்பகுதி வெளியே பிதுங்குவதுபோல் கண்ணுக்குத் தோன்றும் என்பதால், பண்டைய கிரேக்கக் கோயில்களில் கையாளப்பட்ட திருத்தத்தைப் பேக்கன் இங்கும் செய்தார்.

உள்ளே செல்லும்போது கல் மாறுவதைக் காணலாம். வெளிப்புறம் கொலராடோ பளிங்கு; உட்சுவர் இந்தியானா சுண்ணாம்புக்கல்; தளம் டென்னசியின் இளஞ்சிவப்புப் பளிங்கு. உள்நாட்டுப் போரில் எதிரெதிராக நின்ற மாநிலங்களின் கற்கள் இங்கே ஒன்றையொன்று தாங்கி நிற்பதே இக்கட்டடத்தின் ஆழமான சிறப்பு என்பது என் கருத்து.

சிற்பி டேனியல் செஸ்டர் பிரெஞ்சு வடிவமைத்த 19 அடி உயரச் சிலையைப் பிச்சிரில்லி சகோதரர்கள் என்ற கல்தச்சர்கள் 28 ஜார்ஜியா பளிங்குத் துண்டுகளில் செதுக்கினர். பக்கவாட்டில் நின்று இணைப்புகளைத் தேடினால்தான் அவர்களின் கைத்திறன் புரியும். பிறகு, மேற்கூரையில் வெண்கல உத்தரங்களுக்கு இடையே பதித்துள்ள அலபாமா பளிங்குப் பலகைகளைப் பாருங்கள். ஒளி ஊடுருவும்படி அவை மெழுகில் ஊறவைக்கப்பட்டவை. ஆனாலும் மேலிருந்து வந்த ஒளி போதவில்லை. தடாகத்திலிருந்து எதிரொளித்த வெளிச்சம் கீழிருந்து சிலையின் முகத்தில் பட்டு, செதுக்கிய முகபாவத்தையே மாற்றிவிட்டது. சிற்பி பிரெஞ்சு இதை எண்ணி மிகவும் வருந்தினார். பின்னர் மேலே மின்விளக்குகள் பொருத்தப்பட்டன. மேலிருந்து வரும் ஒளியில் புருவத்தின் கீழும் கண்களின் கீழும் விழும் நிழல்களைக் கவனித்தால் அவருடைய கவலையின் நியாயம் விளங்கும்.

இறுதியாக வடக்குச் சுவருக்குச் செல்லுங்கள். அங்கே லிங்கனின் இரண்டாம் பதவியேற்பு உரை வெட்டப்பட்டுள்ளது. அதில் எதிர்காலத்தைக் குறிக்கும் ‘ஃபியூச்சர்’ என்ற சொல்லின் முதலெழுத்தான ‘எஃப்’ (F), தவறுதலாக ‘ஈ’ (E) என்று செதுக்கப்பட்டு, அதன் கீழ்க்கோடு பின்னர் நிரப்பப்பட்டது. நிரப்பிய தடம் இன்றும் தெரிகிறது.